சங்ககிரிக் கோட்டையும் பெயர் நீக்கப்பட்ட பட்டாளங்களும்

சேலத்திலிருந்து கோவைக்குச் செல்லும் பெருவழியில் 35 கிலோமீட்டர் அளவு கடந்ததும் சங்ககிரி மலை கண்ணில் படுகிறது. சமவெளியில் தனித்து நிற்கும் கல்மலை அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 அடி உயரம். சங்கின் வடிவில் இருப்பதால் இப்பெயர் பெற்றது என்பர். அடிவாரத்திலிருந்து உச்சி வரை மதிலுக்கு மேல் மதிலும் வாயிலுக்கு மேல் வாயிலுமாகக் கோட்டை ஏறிச் செல்கிறது. மலைமேல் சென்னகேசவப் பெருமாள் கோயில் உண்டு, பள்ளிவாசல் உண்டு, தர்கா உண்டு, தானியக் கிடங்கும் சுனைகளும் உண்டு. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று லாரித் தொழிலால் பெயர் பெற்ற இவ்வட்டாரத்தில், இரவும் பகலும் அம்மலையைக் கடந்து செல்லும் வண்டிகளுக்குக் கணக்கில்லை. மலைமேல் ஏறிப் பார்ப்போர் மட்டும் சிலரே.

கோட்டை என்றதும் நாம் அரசரை நினைக்கிறோம். கட்டியவர் யார், பிடித்தவர் யார், இழந்தவர் யார் என்று கேட்கிறோம். அதனைக் காத்து நின்றவர் யார் என்று கேட்பதில்லை. அரசர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் வந்து பார்த்த கோட்டையா இது என்பதே ஐயம். ஆயின் பாராக் கொடுத்த சிப்பாய் ஒவ்வோர் இரவும் இங்கே விழித்திருந்தான். சங்ககிரி, எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு படைவீடு. அந்தப் படைவீட்டில் வாழ்ந்தவர்களின் கதையையே இங்கு நாம் கூற முற்படுகிறோம். அவர்களில் கணிசமானோர் நம் முன்னோர் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

பழைய படைவீடுகளைப் படைப்பிரிவின் அருங்காட்சியகமாக ஆக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் உள்ளது. நம் தமிழகத்திலேயே நீலகிரியில், குன்னூரை அடுத்த வெலிங்டனில் அத்தகைய ஒன்றைக் காணலாம். ஜக்கதல்லா என்று வழங்கிய அவ்விடத்தில், கீழ்நாட்டு வெப்பத்தால் நலிந்த வெள்ளைச் சிப்பாய்கள் குளிர்ந்த காற்றில் தங்குவதற்கென்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரும் படைவீடு கட்டப்பட்டது. பின்னர் அவ்வூருக்கு வெலிங்டன் பிரபுவின் பெயரைச் சூட்டினர். அந்தப் பிரபு யார்? 1799 மே 4ஆம் நாள் திப்பு சுல்தான் ஷஹீதான போரில் கும்பினிப் படையில் இருந்தவர். அதன்பின் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் ஆளுநராக அமர்ந்தவர். அன்று அவர் பெயர் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. 1947ஆம் ஆண்டில் மதராஸ் ரெஜிமெண்டின் தலைமையகம் மதுக்கரையிலிருந்து வெலிங்டனுக்கு வந்தது. வெள்ளையருக்காகக் கட்டிய கல் மாளிகை தமிழ், மலையாள, தெலுங்கு, கன்னட வீரர்களுக்கு உரியதாயிற்று. இன்று அதற்கு ஜெனரல் ஸ்ரீநாகேஷின் பெயர். ரெஜிமெண்டின் அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கிறது. 1758ஆம் ஆண்டு முதல் தொடங்கும் தன் வரலாற்றை அந்தப் படைப்பிரிவு பெருமையுடன் பேணி வருகிறது. அதன் சின்னத்தில் உள்ள யானை, 1803இல் அசாயிப் போரில் வெல்லெஸ்லியின் கீழ் போரிட்ட மதராஸ் சிப்பாய்களுக்குக் கிடைத்த விருதின் அடையாளம்.

இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். படைப்பிரிவின் அருங்காட்சியகம் என்பது தொடர்ச்சியைப் போற்றும் இடம். இன்றைய பட்டாளம் தன் நேற்றைய பட்டாளத்தை வணங்கும் இடம். தொடர்ச்சி அறுந்துபோன பட்டாளத்துக்கு யார் அருங்காட்சியகம் அமைப்பார்? ஆணைக்கு அடங்கி நின்ற படைக்குக் கொடி உண்டு, விருது உண்டு, கண்ணாடிப் பேழை உண்டு. எதிர்த்து எழுந்த படைக்கு?

இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுவது நன்று. கும்பினி ஆட்சியில் வெள்ளைச் சிப்பாய்க்கே கட்டப்பட்ட படைவீடு. நம் நாட்டுச் சிப்பாய் படைவீட்டில் வாழவில்லை. 'லைன்' என்று சொல்லப்பட்ட வரிசையில், மண்ணாலும் ஓலையாலும் ஆன குடிலைத் தானே கட்டிக்கொண்டு மனைவி மக்களோடு வாழ்ந்தான். அதற்கென்று சிறு படி கிடைக்கும், அவ்வளவே. பட்டாளம் வேறோர் ஊருக்கு மாறினால் குடிலை விட்டுவிட்டுக் குடும்பமும் பின்னே நடக்கும். கல்லால் கட்டியது இருநூறு ஆண்டு நிற்கும். மண்ணால் கட்டியது இரண்டு மழைக்கு நிற்குமா? எனவேதான் சிப்பாயின் வீடு எங்கும் அருங்காட்சியகமாகவில்லை. அவன் நின்ற மதிலும் காத்த வாயிலுமே அவனுக்கு எஞ்சிய சாட்சி. அந்த வகையில் சங்ககிரியின் மதில்கள் நமக்கு அரியவை.

சேலம், நாமக்கல் சமவெளி 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முழுதும் போர்க்களமாகவே இருந்தது. 1768இல் கர்னல் உட் என்பவரின் கும்பினிப் படை சேலத்தையும் நாமக்கல்லையும் பிடித்தது. ஆண்டு முடிவதற்குள் ஐதர் அலி அவற்றை மீட்டுக்கொண்டார். நாமக்கல்லின் ஒற்றைக் கல்மலைமேல் உள்ள சிறு கோட்டையும், சங்ககிரியின் பெருங்கோட்டையும் மைசூர் அரசின் கண்களாயின. ஒன்று காவிரிக் கரையை நோக்கும். மற்றொன்று கொங்கு நாட்டின் வாயிலைக் காக்கும். கொங்கு நாட்டில் தண்டிய வரிப் பொருளைச் சேர்த்து வைக்கும் இடமாகவும் சங்ககிரி விளங்கியது. பணம் இருக்கும் இடத்தில் படை இருக்க வேண்டும். படை இருக்கும் இடத்தில் தொழுமிடம் இருக்க வேண்டும். மலைமேல் உள்ள பள்ளிவாசலின் கதை இவ்வளவு எளியது. பெருமாள் கோயிலுக்கும் அதற்கும் இடையே எத்தனை அடி என்று அளந்து கொண்டிராமல் இரண்டையும் ஒரே மதில் காத்தது.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். பாராமகாலும் சேலமும் நாமக்கல்லும் சங்ககிரியும் கும்பினியின் கைக்கு வந்தன. இந்நாட்டை ஆள அனுப்பப்பட்டவர்கள் யாவரும் படை அதிகாரிகள் என்பது கவனத்துக்குரியது. தலைவர் காப்டன் அலெக்சாந்தர் ரீட். அவருக்குத் துணைவர்கள் மன்ரோ, மக்ளியோட், கிரஹாம் ஆகிய மூவர். தென்பகுதியாகிய நம் சமவெளி மக்ளியோடின் பொறுப்பில் இருந்தது. இந்தச் சிப்பாய் அதிகாரிகள் வயல் வயலாக அளந்து, குடியானவரோடு நேரே வரி பேசி வகுத்த முறையே பின்னாளில் 'ரயத்துவாரி' என்ற பெயரில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. வாளேந்தி வந்தவர்கள் அளவுக் கோலோடு உட்கார்ந்தார்கள் என்று சொல்லலாம். குடியானவனுக்கு எது அதிகம் வலித்தது என்பதை இன்னொரு கட்டுரையில் ஆராயலாம்.

திப்பு மறைந்த பின் அவர் பக்கம் நின்று போரிட்டவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1800 ஜூன் 3ஆம் நாள் கோவைக் கோட்டையைத் தாக்குவது என்று கொங்குப் பாளையக்காரர்களும் திப்புவின் பழைய வீரர்களும் திட்டமிட்டனர். அந்த நாளை அவர்கள் தேர்ந்ததற்குக் காரணம் முஹர்ரம். கோட்டையில் இருந்த கும்பினிச் சிப்பாய்களில் முஸ்லிம்கள் பலர். முஹர்ரம் நிகழ்ச்சிகளில் அவர்கள் ஈடுபட்டிருக்கும்போது கோட்டையைப் பிடிப்பது எளிது என்பது அவர்கள் கணக்கு. கணக்குத் தவறியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அக்கிளர்ச்சியின் ஓயாத கையாகத் தொடர்ந்து போராடியவர் தீரன் சின்னமலை. ஓடாநிலையில் கோட்டை கட்டிக்கொண்டு, 1801இலும் 1802இலும் 1804இலும் கும்பினிப் படையை எதிர்த்து நின்றார். இறுதியில் பிடிபட்டு, 1805 ஜூலை 31ஆம் நாள் தம்பியரோடு தூக்கிலிடப்பட்டார். தூக்கிலிட்ட இடம் இதே சங்ககிரிக் கோட்டை.

அந்தத் தூக்குமரத்தின் கீழ் துப்பாக்கி ஏந்திக் காவல் நின்றவர்களும் நம் நாட்டுச் சிப்பாய்களே. ஏழ்மையால் சேர்ந்தவர்களும், மைசூர்ப் படை கலைந்தபின் வேறு பிழைப்பின்றிச் சேர்ந்தவர்களும், தந்தை சிப்பாய் ஆனதால் மகனும் சிப்பாய் ஆனவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்களைத் துரோகிகள் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது நமக்கு உடன்பாடன்று. ஏனெனில் அடுத்த ஆண்டே அவர்களின் தோழர்கள் செய்த செயல் இலண்டன் வரை அதிர்ந்தது.

1805 நவம்பரில் சென்னைப் படைத் தலைவர் சர் ஜான் கிரடாக்கின் காலத்தில் புதிய ஆணை வந்தது. சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி அணியலாகாது; தாடியை மழிக்க வேண்டும்; மீசையை ஓர் அளவுக்குக் கத்தரிக்க வேண்டும். தொடர்ந்து புதிய தலைப்பாகை ஒன்றும் வந்தது. அது பார்வைக்கு வெள்ளையரின் தொப்பி போல் இருந்தது. அதில் தோலால் ஆன அணி ஒன்றும் இருந்தது. பசுத்தோலா, பன்றித்தோலா என்று சிப்பாய்கள் கேட்டனர். கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 1806 மே மாதத்தில் வேலூரிலிருந்த பட்டாளம் ஒன்று அதை அணிய மறுத்தது. மறுத்தவர்களைச் சென்னைக்குக் கொண்டு சென்று விசாரித்தனர். ஒரு முஸ்லிமும் ஓர் இந்துவும் கசையடி பெற்று வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். மதத்துக்கு ஒருவராக எண்ணி எடுத்ததுபோல் அமைந்த இத்தண்டனை, இரு சாராரையும் ஒன்றாக்கிவிட்டது.

வேலூர்க் கோட்டையில்தான் திப்புவின் மக்கள் குடும்பத்தோடு வைக்கப்பட்டிருந்தனர். ஜூன் மாதத்திலேயே முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் சதியைப் பற்றி எச்சரித்தான். விசாரிக்கும் பொறுப்பு சதியில் ஈடுபட்டிருந்த நாட்டு அதிகாரிகளிடமே போயிற்று! அவர்கள் அவனைப் பைத்தியக்காரன் என்று முடிவு கட்டி விலங்கிட்டனர். ஜூலை 10ஆம் நாள் அதிகாலையில் படை அணிவகுப்பு இருந்தது. ஊருக்குள் குடிலில் வாழும் சிப்பாய்களை அதற்காக முன்னிரவே கோட்டைக்குள் வந்து தங்கச் சொன்னார்கள். மண் குடிலில் இருந்தவர்கள் அன்று ஓர் இரவு கல் மதிலுக்குள் வந்தார்கள். வேலூர் எழுச்சிக்கு வழி திறந்தது அந்த ஓர் இரவுதான்.

இரவு இரண்டு மணி அளவில் துப்பாக்கி வெடித்தது. தம் அதிகாரிகளில் பதினால்வரையும், 69ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்த வெள்ளைச் சிப்பாய்கள் 115 பேரையும் அவர்கள் கொன்றனர். அந்த 115 பேரில் பெரும்பாலோர் படைவீட்டில் உறங்கிக் கொண்டிருந்தவர்கள். இதை மறைத்து வீரம் பேசுவதில் பொருளில்லை. உறங்கியவரைக் கொல்வது எந்தச் சமயத்தின் போர் அறத்திலும் இல்லை. விடியலில் மைசூரின் புலிக்கொடி கோட்டையில் பறந்தது. திப்புவின் மூத்த மகன் ஃபத்தே ஐதரை அரசர் என்று அறிவித்தனர். ஆனால் வாயிலைக் காக்கவும் ஒழுங்காக நிற்கவும் அவர்களிடம் தலைவர் இல்லை. பதினாறு மைல் தொலைவிலிருந்த ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு காலையிலேயே வந்து சேர்ந்தார். அவரோடு வந்தவர்கள் வெள்ளையர் மட்டும் அல்லர். மதராஸ் நாட்டுக் குதிரைப் படையினரும் வந்தனர். அக்காலத்து மதராஸ் குதிரைப் படையில் முஸ்லிம்களே மிகுதி. புலிக்கொடியின் கீழ் நின்றவர்களும் அதை இறக்க வந்தவர்களும் ஒரே மொழியில் கலிமா சொன்னவர்கள். வரலாறு நம் விருப்பப்படி இரு பக்கமாகப் பிரிந்து நிற்பதில்லை.

கோட்டை மீண்டது. அரண்மனையில் புகலடைந்த ஏறத்தாழ நூறு சிப்பாய்களை வெளியே கொணர்ந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டனர். மொத்தத்தில் ஏறத்தாழ 350 சிப்பாய்கள் மாண்டனர். பின்னர் விசாரணை நடத்தி, அறுவரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தனர், ஐவரைச் சுட்டனர், எண்மரைத் தூக்கிலிட்டனர். திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டனர். பைத்தியக்காரன் ஆக்கப்பட்ட முஸ்தபா பேக்குக்கு 2,000 வராகனும் சுபேதாரின் ஓய்வூதியமும் கிடைத்தன.

வேலூரின் எதிரொலி அதோடு அடங்கவில்லை. வாலாஜாபாத்திலும் ஐதராபாத்திலும் பெல்லாரியிலும் பெங்களூரிலும் நந்திதுர்க்கத்திலும் சிப்பாய்களிடையே கொந்தளிப்பு எழுந்தது. அவ்வரிசையில் நம் சங்ககிரியும் ஒன்று. சின்னமலையைத் தூக்கிலிட்டு ஓராண்டே ஆகியிருந்தது. கயிற்றைக் காத்து நின்ற கோட்டையிலேயே, அதே சீருடை அணிந்தவர்கள் அந்தச் சீருடைக்கு எதிராக முணுமுணுத்தார்கள். சேலம் மாவட்டத்து வரலாற்றில் இதைவிடக் கூரிய இடம் வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. பள்ளிப் பாடநூலில் ஒரு வரியாக அது வருகிறது. மலையடிவாரத்துப் பிள்ளைகள் அந்த வரியைப் படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

எழுச்சியில் சேர்ந்த மூன்று பட்டாளங்களையும் கும்பினி கலைத்தது. கலைத்ததோடு நில்லாமல், அவற்றின் எண்களையே படைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒரு மனிதனைக் கொல்வது ஒன்று. அவன் பெயரை ஊர்க் கணக்கிலிருந்து அழிப்பது வேறொன்று. அப்படைகளுக்கு வாரிசு இல்லை. ஆகவே அவற்றின் கொடியைப் பேண ஒரு மண்டபமும் இல்லை. மறுபக்கத்தைப் பாருங்கள். வேலூரில் உயிரிழந்த 69ஆவது ரெஜிமெண்ட் 1881இல் வெல்ஷ் ரெஜிமெண்டின் ஒரு பகுதியாயிற்று. அந்த மரபைப் பேணும் அருங்காட்சியகம் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் கோட்டைக்குள் இருக்கிறது. வேலூரில் மாண்ட அச்சிப்பாய்களும் ஏழைகளின் மக்களே. அவர்களுக்குக் கிடைத்த நினைவைக் கண்டு நாம் பொறாமைப்படவில்லை. நம்மவர்க்கும் அதுபோல் ஒன்று வேண்டாமா என்பதே கேள்வி.

வேலூர் ஒருவகையில் விழித்துக்கொண்டது. கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் உள்ளது. ஹஸ்ரத் மக்கான் அருகே சிப்பாய்களுக்கு நினைவுத் தூண் எழுப்பப்பட்டுள்ளது. 2006இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டு, அஞ்சல் தலையும் வெளிவந்தது. ஐதர், திப்பு குடும்பத்துப் பெண்களின் அடக்கவிடங்களும் கோட்டையிலிருந்து சிறிது தொலைவில் உள்ளன. சங்ககிரியிலோ, தீரன் சின்னமலைக்கு ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டில் மரியாதை செலுத்துகின்றனர். 2005இல் அவருக்கும் அஞ்சல் தலை வெளியிடப்பட்டது. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சிப்பாய்களைப் பற்றிய ஒரு பலகைகூட அங்கே வேண்டும் என்பது நம் வேண்டுகோள். மலைமேல் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. அடிவாரத்தில் ஓர் அறை போதும். கோட்டையின் வரைபடம், வாயில்களின் வரிசை, 1792 உடன்படிக்கையில் கைமாறிய ஊர்களின் பெயர்கள், 1805, 1806 ஆகிய இரு ஆண்டுகளின் செய்தி. இவற்றுக்குப் பெருஞ்செலவும் ஆகாது.

அரசு செய்வதற்கு முன் நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. படைச் சொற்கள் நம் வழக்கில் இன்னும் உலவுகின்றன. பட்டாளம், பாரா, சிப்பாய், ஜமேதார், சுபேதார், ஹவில்தார், லஸ்கர் என்பன யாவும் கோட்டைக்குள்ளிருந்து தெருவுக்கு வந்தவை. குடும்பத்தில் ஒரு முன்னோரை இப்படி ஏதேனும் ஒரு பட்டத்தோடு பெரியவர்கள் குறிப்பிட்டால், ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய ஓய்வூதியத் தாளோ, பதக்கமோ, தோல் உறையில் சுற்றிய வாளோ பரணில் கிடந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். பழைய இரும்பின் விலை கிலோவுக்கு எவ்வளவு என்பது நம்மவர்க்கு நன்றாகத் தெரியும். அந்த வாளின் விலை அந்தத் தராசில் தெரியாது.

வேலூரில் எழுச்சி நடந்தது ஜூலை 10. சங்ககிரியில் சின்னமலை தூக்கிலிடப்பட்டது ஜூலை 31. நாட்காட்டியில் இரண்டுக்கும் இடையே சரியாக மூன்று வாரம். இவ்விரு நாள்களையும் ஒரே இடத்தில் வைத்து நினைப்பதற்கு உரிய கோட்டை தமிழகத்தில் சங்ககிரி ஒன்றே. மலையேறுவோர் காலை வெயில் ஏறுமுன் புறப்படுவது நல்லது. குடிக்கத் தண்ணீரும் கொண்டு செல்ல வேண்டும். பள்ளிவாசலுக்கும் தர்காவுக்கும் செல்வோர், ஒவ்வொரு வாயிலையும் கடக்கும்போது சற்று நின்று, அங்கே இரவெல்லாம் நின்றவனையும் நினைத்துக்கொண்டு மேலே ஏறலாம்.